உரைகல்லுக்குப் போகாத ராணி

உங்களில் பலர் தபால் முத்திரை சேர்த்தவர்கள். சிலர் தீப்பெட்டிப் படம். பிறகு வந்த சண்டைக் காலத்தில் வேலியோர ஒழுங்கையில் கிடந்த வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கிச் சேர்த்து, அம்மாமாரிடம் பூவரசம் தடியால் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் இருக்கிறீர்கள். அந்தச் சேகரங்களெல்லாம் இப்போது எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இந்த வயதில் எங்களிடம் தானாகச் சேருவது சீனியும் கொலஸ்ட்ரோலும்தான்.

நான் மட்டும் இன்னும் விடவில்லை. நான் சேர்ப்பது ராசாக்களை. பித்தளை ராசாக்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சீட்டாட்ட மேசையில் காசுக்குப் பதிலாக வைப்பதற்கென்று அடித்த வில்லைகள். பார்வைக்குக் காசு மாதிரி இருக்கும். ஒரு பக்கம் முடிசூடிய தலை, மறுபக்கம் கேடயமோ குதிரையோ. இவற்றைச் செல்லாக்காசு என்றுகூடச் சொல்ல முடியாது. செல்லாக்காசு முன்பு ஒரு நாளாவது செல்லுபடியாகியிருக்கும். என்னை அறிந்தவர்கள் எனக்கு ஏற்ற பொழுதுபோக்கு என்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

இந்தப் பைத்தியம் என்னைப் பிடித்தது பத்து வயதில், ஒரு தென்மேற்குச் சோளகக் காற்றுக் காலத்தில். பிடிக்க வைத்தவர் என் சின்ன மாமா.

அப்போது கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் இல்லாமற் போயிருந்தார்கள். ஒரே நாளில் போகவில்லை. முதலில் கிளித்தட்டுக்கு ஆள் காணாமற் போனது. பிறகு கிரிக்கெட்டுக்கு. கடைசியில் முன்வீட்டுக்காரரும் படலையில் பூட்டைத் தொங்கவிட்டுப் போனபோது, ஒளித்துப் பிடித்து விளையாடவும் ஆள் இல்லை. நான் தனியாக ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன். தேடி வர ஒருவரும் இல்லாவிட்டால் அது மிகவும் நீளமான விளையாட்டு.

அண்ணை அதற்கு முதல் வருடமே கனடாவுக்குப் புறப்பட்டுவிட்டார். அம்மாவின் நகைகளெல்லாம் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரிடம் போயின. அண்ணைக்கு முன்னதாக நகைகள் வெளிநாடு போய்ச் சேர்ந்திருக்கும் என்று மாமா சொல்வார். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. சண்டையில் மூடிய பாதை திறந்தால் வருவார். பாதை அப்பாவைக் கேட்டுத் திறப்பதில்லை. ஆக, வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான சின்ன மாமா.

மாமா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். தட்டுப்பாட்டுக் காலத்தில் அதைப்போலத் தனித்துப்போன உத்தியோகம் வேறில்லை. சீனி இல்லை என்றால் உள்ளே இருக்கிறது என்று ஊருக்கு அர்த்தம். மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது என்றால் வீட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டிலோ பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேநீர் குடித்தோம். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. இல்லையென்றால் இல்லை என்று மட்டும் சொல்வார், இரண்டாம் முறை விளக்கமாட்டார். அந்தக் குணம் அந்தக் கதிரைக்குச் சற்றும் பொருந்தாதது. கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மிஞ்சியது நான்.

ஒழுங்கை முனையில் மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பென்சன்காரர் ஒருவர் இருந்தார். அவர் காலமானதும் வீட்டுச் சாமான்கள் பழைய பித்தளை வாங்குகிறவரின் தராசில் ஏறின. குத்துவிளக்கு, செம்பு, கூடவே ஒரு பிஸ்கற் ரின். சங்கக்கடையால் வந்துகொண்டிருந்த மாமா சைக்கிளை நிறுத்தினார். நான் பின் கரியரில் இருந்தேன். ரின்னுக்குள் மஞ்சளும் கறுப்புமாக ராசாக்கள் குவிந்து கிடந்தார்கள்.

"உதுகளை உருக்கவோ போறியள்?" என்று மாமா கேட்டார்.

"உருக்காமல்? உண்டியலிலை போட்டாலும் சாமி ஏற்காது" என்றார் பித்தளைக்காரர்.

மாமா கைமணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்து ரின்னை வாங்கினார். அம்மா அன்று முழுவதும் அவரோடு கதைக்கவில்லை. சாப்பாடு போடும்போது மட்டும், "ராசாக்களும் சாப்பிடுவினமோ? அரிசி காணாது" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கிணற்றடியில் இருந்து மினுக்குவோம். புளியும் அடுப்புச் சாம்பலும். கடல்நீரேரியின் சேற்று வாசத்தைச் சோளகம் அள்ளிக்கொண்டு வரும். தேய்க்கத் தேய்க்க ஒரு மூக்கு வரும், பிறகு நாடி வரும், பிறகு ஓர் ஆள் வெளியே வந்து எங்களைப் பாராமல் பக்கவாட்டில் பார்ப்பார். ராசாக்கள் நேருக்கு நேர் பார்ப்பதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். விரலில் ஒட்டிய பித்தளை மணம் சோற்றிலும் மணக்கும்.

வில்லைகளில் இருந்த லத்தீன் எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. ஆகவே தோற்றத்தை வைத்து மாமா பெயர் வைத்தார். தலையில் இலைமாலை சூடியவர் இலைக்காரர். சுருள்சுருளாகப் பொய்மயிர் வைத்தவர் கொண்டைக்காரர். எல்லாருக்கும் மேலே ராணி. ஒரு காலத்தில் எங்களையும் ஆண்ட மகாராணிதான். ஆனால் இதில் அவருக்கு வயது பதினெட்டுப் பத்தொன்பதுதான் இருக்கும். தலைமயிரை இழுத்துப் பின்னால் முடிந்து, ஏதோ பரீட்சை மறுமொழிக்குக் காத்திருப்பவர்போல இருந்தார். மறுபக்கத்தில் குதிரையில் ஒருவர், குதிரைக்குக் கீழே பாம்பும் பல்லியும் கலந்த ஏதோ ஒன்று.

பவுண் என்று நாங்கள் சொல்லும் தங்கக் காசைப் பார்த்தவர்களுக்கு இது கிட்டத்தட்ட அதே படம். பார்த்தவுடன் ஏமாறட்டும் என்றே அடித்திருக்கிறார்கள். ஒரு வித்தியாசத்தை நான்தான் கண்டுபிடித்தேன். முன்பு அம்மாவிடம் பார்த்த பவுணில் குதிரைக்காரருக்கு உடுப்பே இல்லை. எங்கள் ஆள் முடி வைத்து, நல்ல சட்டை போட்டு, எங்கோ தூரப் பயணம் போகிறவர் மாதிரி இருந்தார்.

மினுக்கி முடிந்தால் சீட்டு. முந்நூற்றுநாலு ஆட நாலு பேர் வேண்டும். நாங்கள் இரண்டு பேர். பாயில் ஆளில்லாத இரண்டு மூலைகளில் ராணியையும் கொண்டைக்காரரையும் வைத்தார் மாமா. ராணி என் கூட்டுக் கை, கொண்டைக்காரர் மாமாவின் கூட்டுக் கை. அவர்களுக்கும் சீட்டுப் போட்டு, கேள்வி கேட்டு, அவர்களுக்காக நாங்களே விளையாடினோம்.

"மருமோன், உன்ரை ராணிக்குத் துரும்பு தெரியாது. தெரியாமல் வெட்டி என்ரை ஆள் இறக்கின ஆசும் நாசமாப் போச்சு."

"உங்கடை கொண்டைக்காரர் களவாப் பாக்கிறார் மாமா."

"அவர் பக்கத்தைத்தானே பாக்கிறார். பாவம், வேறை எங்கை பாக்கிறது?"

தோற்றவர்கள் காதில் பூவரசம் இலை செருக வேண்டும். கொண்டைக்காரர் தோற்றால் மாமா அவருக்குமாகச் சேர்த்து இரண்டு காதிலும் செருகிக்கொள்வார். அப்படியே கடைச் சாவியோடு வெளியே போய், சனம் பார்த்துச் சிரித்த பிறகுதான் கழற்றுவார். சங்கக்கடை மனேச்சரைப் பார்த்து அந்த நாட்களில் சனம் சிரித்தது அதற்கு மட்டுந்தான்.

ஒருமுறை தொண்டைமானாற்றில் ஓர் ஆட்டின் கழுத்தில் பித்தளை வில்லை தொங்குகிறது என்று யாரோ சொல்ல, மாமா சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கொதிக்கும் வெயில். நெஞ்சு நோக மிதித்துப் போய்ச் சேர்ந்தால், ஆட்டுக்காரப் பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"உதுக்காகவோ கொழும்புத்துறையிலை இருந்து வந்தனியள்? ஆடு வாங்க வந்தவையெண்டு நினைச்சன்."

மாமா சைக்கிள் மணியைக் கழற்றி ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டு, வில்லையை வாங்கினார். ஓட்டை போட்ட ஒரு ராசா. ஓட்டை சரியாகக் காதில் விழுந்திருந்தது. திரும்பும் வழியெல்லாம் மணி இல்லாததால் வளைவுகளில் நான் "கிணிங் கிணிங்" என்று கத்திக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த உத்தியோகங்களில் அதைப்போல மனசுக்குப் பிடித்தது பிறகு கிடைக்கவில்லை.

அந்தச் சோளகம் ஓயுமுன் மாமாவுக்குக் கலியாணம் பொருந்தியது. பெண் வீடு சைக்கிள் தூரத்திலுள்ள எங்கள் திருநெல்வேலி, சந்தைக்குப் பின்பக்கம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. இதை எனக்கு ஒருவரும் விளக்கிச் சொல்லவில்லை. மாமாவின் சட்டைகளை அம்மா ஒன்றொன்றாக மடிப்பதைப் பார்த்து நானே விளங்கிக்கொண்டேன்.

கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல் நடக்கும். தாலிக்கான பொன்னை நல்ல நேரத்தில் பத்தர் உருக்குவார். உருக்குமுன் அந்தப் பவுணை வெற்றிலைத் தட்டத்தில் வைத்துச் சபை முழுவதற்கும் கொண்டுபோவார்கள். எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்க வேண்டும். அதில் ஒரு தடங்கல் வந்தால் கலியாணத்துக்கே கூடாது என்று முகங்கள் கறுக்கும். எங்கள் வீட்டில் பவுண் எங்கே இருந்தது? மாமா தன் மோதிரத்தை உருக்கலாம் என்றார். அம்மாவின் மூத்த சகோதரி, என் பெரியம்மா, அதற்கு உடன்படவில்லை. பெண் வீட்டார் பார்க்க மோதிரத்தை உருக்குவதா?

பொன்னுருக்கல் அன்று காலை பெரியம்மா மாமாவின் அலுமாரியில் சால்வை தேடினார். சால்வையோடு பிஸ்கற் ரின்னும் அகப்பட்டது. ரின்னுக்குள் எல்லாவற்றுக்கும் மேலே, போன ஞாயிற்றுக்கிழமை மினுக்கிய ராணி. பெரியம்மாவுக்கு எல்லாம் ஒரு நொடியில் வெளித்தது. இல்லை இல்லையென்று சொல்கிறவன் உள்ளே வைத்திருப்பான் என்று ஊர் சொன்னது சரிதான். அக்காமாருக்குக்கூடச் சொல்லாமல் ஒரு பவுண் ஒளித்து வைத்திருக்கிறான். அவர் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துத் தட்டத்தில் வைத்தார்.

தட்டம் சபையில் வந்தது. பெண்ணின் தகப்பன் தொட்டார், ஆசிரியர்மார் தொட்டார்கள், கிராமசேவகர் கண்ணில் ஒற்றினார். படித்த சபை, ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் சிறுபிள்ளையும் தொடட்டும் என்று தட்டத்தை என் முன் நீட்டினார்கள். குதிரைப் பக்கம் மேலே கிடந்தது. குதிரைக்காரர் முடி வைத்து, நல்ல சட்டை போட்டிருந்தார்.

கணக்கு எனக்கு உடனே விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்தரின் நெருப்பில் பித்தளை தன் குணத்தைக் காட்டும். பொன்னுருக்கல் குழம்பும். பெண்ணின் தகப்பன் எழும்பிப் போவார். மாமாவின் சட்டைகள் திரும்ப அலுமாரிக்கு வரும். ஆனால் ராணி வரமாட்டார். மாமாவின் மானத்தை நினைத்தேன் என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும், நினைக்கவில்லை. வில்லையைத் திருப்பிப் பார்த்தேன். அவர் வழக்கம்போலப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார், நடக்கப்போவது ஒன்றும் தெரியாமல்.

"மாமா, எங்கடை ராணி" என்றேன்.

பட்டு வேட்டியோடு இருந்த மாமா எழும்பி வந்து வில்லையை எடுத்தார்.

"அக்கா, இது எங்காலை?"

"உன்ரை ரின்னுக்குள்ளையாலைதான். வைச்சு வைச்சு ஆருக்குக் குடுக்கப்போறாய்?"

"இது பித்தளை அக்கா. விளையாட்டுச் சாமான்."

பெரியம்மா சபையைப் பார்த்துச் சிரித்தார். "பித்தளை உப்பிடி மினுங்குமோ?"

புளியும் சாம்பலும் என்று நான் சொல்ல வாயெடுக்க, அம்மா என் தொடையில் கிள்ளினார். பெண்ணின் தகப்பன் செருமினார். "இதிலை என்ன கதை? பத்தர் இருக்கிறார். ஒருக்கா உரைச்சுப் பாத்தால் முடிஞ்சுது."

பத்தர் உரைகல்லை வெளியே எடுத்தார். அந்தக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும்.

"உரைக்க ஏலாது" என்றார் மாமா. "கன்னம் தேய்ஞ்சு போம்."

பின்வரிசையில் ஒருவர் மெல்லக் கேட்டார். "ஆற்றை கன்னம்?"

"ராணியின்ரை."

"அப்ப மற்றப் பக்கத்தை உரைப்பம்" என்றார் பத்தர்.

"அதிலை குதிரை நிக்குது."

"ஓரத்தை?"

"எழுத்திருக்கு."

மாமா மோதிரத்தைக் கழற்றித் தட்டத்தில் வைத்தார். "இதை உருக்குங்கோ. நேரம் போகுது." பிறகு ராணியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். "பத்திரம். ஒருத்தரிட்டையும் குடாதை."

அவர் மனசாரச் சொன்னார். ஆனால் சபை முழுவதும் கேட்டது. பித்தளைக்கு யாராவது பத்திரம் சொல்வார்களா? உரைகல்லுக்குப் பயந்த மனிதன், பவுணை மருமகனின் கையில் மாற்றிவிட்டு, கலியாணப் பெண்ணுக்கு மோதிரத்தை உருக்கிவிட்டான். சங்கக்கடையான் வேறென்ன செய்வான்? மோதிரம் நன்றாகவே உருகியது. கலியாணமும் நடந்தது. கதை மட்டும் உருகவில்லை. திருநெல்வேலிக்கு மாமாவுக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்தது.

ரின்னை மாமா என்னிடம் விட்டுப் போனார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். பிறகு அவரும் மாமியும் கனடாவுக்குப் போனார்கள். நான் பாயை விரித்து, இலைக்காரரையும் சேர்த்து மூன்று மூலையில் வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. ராசாக்கள் மூன்று பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு, வில்லைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய காலத்தில், அந்தக் குதிரைக்காரர் யார் என்று கண்டுகொண்டேன். ராணியின் சித்தப்பா. பெண் என்பதால் ராணிக்கு இன்னொரு நாட்டின் முடி கிடைக்கவில்லை. அதைச் சூடச் சித்தப்பா கடல் கடந்து போனார். போய்ச் சேர்ந்தாரே என்று நையாண்டியாக அடித்த வில்லை அது. மடியில் வைத்து நான் வளர்த்தது, உறவுக்காரர் ஒருவர் வீட்டை விட்டுப் போனதைக் கொண்டாடுகிற ஒரு சாமான். மாமாவுக்குச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தாள் அங்கை போய்ச் சந்தோஷமா இருந்ததோ?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வரும். எப்போதும் ஒரே தொடக்கம்.

"ராணி எப்பிடி?"

"சுகமா இருக்கிறா மாமா."

"கொண்டைக்காரர்?"

"வழமைபோலத்தான். பக்கத்தைப் பாக்கிறார்."

அவ்வளவுதான். மற்றதெல்லாம் மழை, பனி, விலைவாசி. மாமி எப்படி என்று கேட்டால், "இருக்கிறா" என்பார். பெரிய நாடு, மாமா, மாமி, இரண்டு பேருக்கும் வேலை. என்னை மறக்காமல் கூப்பிடுகிறாரே என்று பெருமைப்பட்டேன். தனியே இருப்பவன் நான், தனிமையைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்ற ஒரு கர்வம் எனக்கு எப்போதும் உண்டு.

மாமா போன வருடத்துக்கு முந்தின மாரியில் காலமானார். செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். நடுவில் இரண்டு தரம் படம் நின்றது.

போன வருடம் மாமி ஊருக்கு வந்தார். திருநெல்வேலியிலிருந்து முச்சக்கரவண்டி பிடித்து, ஒரு பின்னேரம் தனியாக வந்து இறங்கினார். தேநீர் கொடுத்தேன். சீனி போடாமல். அவருக்கும் அதே வியாதி. கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, கோவிக்கக் கூடாது. அந்தப் பவுணை ஒருக்காப் பாக்கலாமோ? கேட்டு வரேல்லை. பாக்கத்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது எழும்பிப் போய் ரின்னை எடுத்து வந்தேன். பழைய வில்லைகளை மினுக்கக் கூடாது, மினுக்கினால் அவற்றின் வயது போய்விடும் என்பது எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களின் சட்டம். மாமா கனடா போன பிறகு நான் ராணியில் புளியைத் தொடவில்லை. அவர் கறுத்து, கழுத்தடியில் பச்சை படிந்து கிடந்தார்.

மாமி அதை உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார்.

"பவுண் கறுக்காதெல்லோ."

"கறுக்காது மாமி."

"கலியாணம் முடிச்ச அண்டைக்கே சொன்னவர், அது பித்தளை எண்டு. ஒருக்காத்தான் சொன்னவர். நான் நம்பேல்லையெண்டு தெரிஞ்ச பிறகு சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை." அவர் ராணியைப் பார்த்தே கதைத்தார். "ஞாயிற்றுக்கிழமையிலை உங்களோடை கதைக்கேக்கை, ராணி எப்பிடி ராணி எப்பிடியெண்டு கேப்பார். நான் குசினிக்குள்ளை நிண்டு, பவுணை விசாரிக்கிறார் எண்டு நினைப்பன்."

"சண்டை பிடிச்சனீங்களோ மாமி?"

"சண்டையோ? அந்தளவுக்கு நாங்கள் கதைக்கிறேல்லைத் தம்பி."

வெளியே பஸ் ஒன்று போனது. ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டேன். "மாமா அங்கை ஆரோடை சீட்டு விளையாடினவர்?"

"ஆரோடை? தனியத்தான். மேசையிலை நாலு பேருக்குப் போடுவார். நாலு பேரின்ரை சீட்டையும் தானே விளையாடுவார். எழும்பேக்கை சில நாள் காதிலை ஒரு கடுதாசித் துண்டு செருகியிருக்கும். மனுசனுக்கு ஏதோ பிசகு எண்டு நினைச்சன்."

அந்தக் காகிதத் துண்டைப் பற்றி நான் மாமிக்குச் சொன்னேன். பூவரசம் இலையைப் பற்றி, கொண்டைக்காரரின் களவுப் பார்வையைப் பற்றி, ஆட்டுக்குக் கட்டிய மணியைப் பற்றி. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது. புறப்படும்போது ராணியை மேசையில் வைத்தார். நான் எடுத்து அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கினேன்.

"ஐயோ தம்பி, உமக்குத் தந்தது."

"பத்திரம் மாமி" என்றேன்.

மாமி ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அழைப்பு வராது என்று தெரிந்திருந்தும் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். பழக்கம். பிறகு நானே எடுத்தேன்.

"ராணி எப்பிடி மாமி?"

அந்தப் பக்கத்தில் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"இருக்கிறா" என்றார் மாமி. "புளி போட்டு மினுக்கினனான். இஞ்சத்தைப் புளி சரியில்லை. ஒரு கன்னந்தான் வந்திருக்கு."

மினுக்கக் கூடாது என்ற சட்டத்தை நான் சொல்லவில்லை.

"தம்பி, உந்த முந்நூற்றுநாலு ரெண்டு பேர் விளையாட ஏலுமோ?"

"நாலு பேர் வேணும் மாமி" என்றேன். "கொண்டைக்காரர் இஞ்சை என்னோடை இருக்கிறார்."